மாவுக் கை

"அந்தச் சோப்பைக் கீழ வைங்கக்கா."

"வைக்க மாட்டேன்."

"வைங்கன்னு சொல்லுதேன்லா..."

"நீ சொல்லு. சொல்லிக்கிட்டே இரு. நான் வாங்கின சோப்பு, என் கை..."

"வாங்கினா? வாங்கினா உடனே கழுவிரணுமா? குழாயைத் திறந்து பாருங்க, அப்பிடியே பிடுங்கி எறிஞ்சிருவேன்!"

"பிடுங்கு. பிடுங்கிட்டு, வீடு பூரா தண்ணி ஓடுதுன்னு உன் புருசன்கிட்ட நீயே சொல்லு."

"சொல்லுறதுக்கு அவுக இருக்கணும்லா! நீங்க கையைக் கழுவினா அவுக எங்க இருக்கப் போறாக?"

கோமதி சோப்பை இறுக்கிப் பிடித்தாள். பின்னால் கிரைண்டர் மட்டும் உளுந்தை ஆட்டிக்கொண்டு தன்பாட்டுக்குச் சுற்றியது.

அவள் கையில் இருந்தது உறை பிரிக்காத சின்னச் சோப்புக் கட்டி. ஏழு வருடமாக இந்த வீட்டுக்குள் சோப்பு என்ற ஒன்று நுழைந்ததில்லை. குளிக்கப் பாசிப்பயற்று மாவு. பாத்திரத்துக்குச் சாம்பலும் எலுமிச்சைத் தோலும். துணிமணி எல்லாம் தெருக்கோடி சலவைக்கடைக்கு. தலைக்கு மேல் காய்கறிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ட்ரோன்கள் பறக்கும் பாளையங்கோட்டையில், பாத்திரம் தேய்க்கச் சாம்பல் தேடி அலையும் வீடு இது ஒன்றுதான் என்று எதிர்வீட்டுக்காரி சிரிப்பாள். ஆட்டோக்காரனுக்கு வழி சொல்கிறவர்கள் கதவு எண் சொல்வதில்லை. கைக்காரி வீடு என்றால் போதும்.

அந்தக் கைக்காரி கோமதிதான். ஆவுடை அவளுக்கு ஓரகத்தி, கொழுந்தன் சுடலைமுத்துவின் மனைவி. இரண்டு பேரும் ஒரே சமையலறையில் நின்று சண்டை போட்டே வயதானவர்கள்.

"திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காக," என்றாள் கோமதி, குரலைத் தணித்து. "தென்காசியில. பிரசவ வார்டு. முழங்கை வரைக்கும் தேய்ச்சுக் கழுவாம வாசல்லயே விட மாட்டாக."

"ஐப்பசியில கூப்பிட்டப்ப மாட்டேன்னுதான சொன்னீக? இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

"ஐப்பசியில இன்னும் ஒரு தடவை கூப்பிடுவாகன்னு ஒரு நெனப்பு இருந்துச்சு. வர்ற மாசி வந்தா எனக்கு அம்பது. அதுக்கு மேல பட்டியல்ல இருந்து பேரையே எடுத்துருவாக ஆவுடை. இதுதான் கடைசி." சோப்பை விரல்களுக்குள் உருட்டினாள். "எத்தனை பிள்ளையை இந்தக் கையில வாங்கியிருக்கேன் தெரியுமா? இப்ப ஏழு வருசமா இட்லி மாவு."

"இட்லி மாவுன்னு ஏன் குறைச்சுப் பேசுதீக? அதுல ஒரு உசிரு நிக்கி."

"தெரியாமலா இருக்கேன்?" என்றவள், சட்டென்று நினைத்துக்கொண்டு திரும்பினாள். "ஏட்டி, ஆடி மாசம் எங்கண்ணனுக்குக் கால் முறிஞ்சு நான் வள்ளியூர்ல போய்க் கிடந்தேன்லா. அப்ப இங்க சுடலைமுத்துத் தம்பிக்கு என்னத்தைப் போட்ட?"

"ரவையைக் கிண்டிப் போட்டேன்," என்ற ஆவுடை கிரைண்டரை எட்டிப் பார்த்தாள். "பத்து நாள்ல ஒண்ணும் வராது. பத்து வருசத்துல வரும். நர்சு வேலை பாத்த உங்களுக்கு நான் சொல்லணுமாக்கும்?"

சொல்ல வேண்டியதில்லை. கூடத்துச் சுவரில் மாலை போட்ட மூன்று படங்கள் தொங்கின. மாமனார், அவருடைய தம்பி, கோமதியின் புருசன் பேச்சிமுத்து. மூன்று மீசையும் கருப்பு. பெருங்குடலில் முளை விட்டு, முளை புற்றாகி, ஐம்பதைத் தொடுமுன் ஆளைக் கொண்டு போகிற நோய் அந்த வம்சத்து ஆண்களின் ரத்தத்தில் வந்தது. ஆவுடையின் மகன் மட்டும் தப்பித்தான் என்று பரிசோதனை சொன்னது. அவன் கப்பலில் வேலையாகி ஏதோ ஒரு கடலில் இருந்தான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேரும் போடுற சண்டை முருகன்குறிச்சி சிக்னல் வரைக்கும் கேக்கு. வண்டி எல்லாம் பச்சை விழுந்தும் நிக்கி," என்றபடி சுடலைமுத்து உள்ளே வந்தார். பேட்டரி மாற்றும் கடை வைத்திருப்பவர். ஐம்பத்து மூன்று வயது. அந்த வம்சத்திலேயே மீசை நரைத்த முதல் ஆள் தான்தான் என்று போகிற இடமெல்லாம் பெருமை பேசுவார்.

"வாங்க, நீங்களே கேளுங்க. அக்கா சோப்பு வாங்கிட்டு வந்திருக்காக."

"வாங்கட்டுமே. நல்ல வாசனைச் சோப்பா மதினி?"

"விளையாடாதீக!"

"விளையாடல ஆவுடை." அவர் சமையலறை வாசலில் தரையிலேயே உட்கார்ந்தார். "மதினி போகட்டும். ஏழு வருசம் எனக்காக இருந்தாச்சு. அதுக்கு மேல கேக்க எனக்கு வாய் வரல. நான் முளையை அடக்குற அந்த வெள்ளை மாத்திரையையே முழுங்கிக்கிடுதேன்."

"முழுங்குங்க. போன தடவை முழுங்கி, என் சேலைத்தலைப்பு பூரா ரத்தமாக் கக்கினீகளே, அது மறந்துட்டோ?"

"ஊர்ல எத்தனையோ பேரு முழுங்கிட்டு நல்லாத்தான இருக்கான்?"

"ஊரான் வயிறு வேற, உங்க வயிறு வேற. பெரிய டாக்டரே இனி தொடக் கூடாதுன்னுட்டாக."

"சரி, விடு. வருசா வருசம் குடலுக்குள்ள குழாயை விட்டுப் பாக்காகள்லா. முளை இருந்தா நறுக்கி எடுத்துரப் போறாக."

"உங்க அண்ணனுக்கும் வருசா வருசம்தான் பாத்தாக," என்றாள் ஆவுடை.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கோமதியைப் பார்த்தாள். கோமதி உளுந்தை வழிக்கப் போனாள். அரிசி மாவு ஏற்கெனவே குண்டானில் இருந்தது. இரண்டையும் ஒன்றாக ஊற்றினாள். ஆனால் கையை விடவில்லை. தட்டைப் போட்டு மூடி வைத்தாள். வழக்கமாக அந்த நேரத்தில் முழங்கை வரை மாவுக்குள் இருப்பாள்.

"ஜெபக்கனியை வரச் சொல்லியிருக்கேன்," என்றார் சுடலைமுத்து மெதுவாக. "வேற ஏதாவது கை கிடைக்குமான்னு கேட்டுப் பாப்போம். அவ வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் கொஞ்சம் வாயைச் சாத்துங்க, புண்ணியமாப் போகும்."

ஜெபக்கனி அரை மணி நேரத்தில் வந்துவிட்டாள். ஆய்வகத்துப் பெண். ஒல்லியாக, தோளில் கனத்த பையோடு, எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கேட்கிற பிள்ளை. ஏழு வருடத்துக்கு முன், கல்லூரி முடித்த சூட்டோடு, இந்தக் குடும்பத்து ஆட்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்துக் கையில் நுண்ணுயிர் ஒன்றைத் தடவிப் பார்த்தவள் அவள்தான். ஆய்வகத்தில் அந்த நுண்ணுயிருக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. தெருவில் அதைக் காப்பு என்றார்கள். வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரின் உள்ளங்கையிலும் தடவினார்கள். இரண்டே நாளில் எல்லார் கையிலும் செத்துப்போனது. ஆவுடையின் கையிலும்தான். கோமதியின் கையில் மட்டும் தங்கியது. பேச்சிமுத்து இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோமதி தன் உள்ளங்கையையே பார்த்தாள். "போன வருசம் எங்க போயிருந்த?" என்று அதனிடம் கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. மறுவாரமே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஏம்மா ஜெபக்கனி, இதைத் தொட்டியில வளத்து டப்பாவுல போட்டு விக்க முடியாதா? இத்தனை வருசமா என்னத்தை ஆராய்ச்சி பண்ணுதீக?" என்றார் சுடலைமுத்து.

"தொட்டியில நல்லாத்தான் வளருது அண்ணே. ஆனா நாலஞ்சு நாள்ல அந்தச் சத்தைச் செய்யிறதை மறந்துருது. அதுக்கு மனுசத் தோல்ல இருக்கிற உப்பும் எண்ணெயும் வேணும். சோப்பு பட்டாப் போச்சு."

"ஆவியில வெந்தா அது செத்துரும்லா? பிறவு இட்லியில என்ன இருக்கும்?"

"அது செத்துரும். ராத்திரி பூரா மாவுல அது செஞ்சு வச்ச சத்து வேகாது. அதுதான் உங்க குடலுக்குள்ள போய் முளை விடாமப் பாத்துக்கிடுது. உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

"நல்ல சங்கதியைத் திரும்பத் திரும்பக் கேக்கலாம், தப்பில்ல."

ஜெபக்கனி சிரித்தாள். பிறகு சிரிப்பு குறைந்தது. "வேற கை கேட்டீக. எங்க அண்ணே கிடைக்கும்? ஆயிரத்துல ஒரு கை. கல்யாணத் தரகரெல்லாம் இப்ப ஜாதகத்துக்கு முன்னால கையைத்தான் கேக்காக. மேற்க ஒரு ஊர்ல மருமகளை வெளிய விடாமப் பூட்டியே வச்சிருக்காக. போன மாசம் நான் பரிசோதிக்கப் போனப்ப அந்தப் பிள்ளை என் காதுல கேட்டா, அக்கா ஒரு துண்டு சோப்பு இருக்குமான்னு." அவள் கோமதியைப் பார்த்தாள். "எனக்குக் குடுக்கவும் முடியல. குடுக்காம வரவும் முடியல."

ஆவுடை முந்தானையால் அடுப்பு மேடையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த மேடை.

"சரி, கையைக் குடுங்கக்கா. வந்ததுக்கு இந்த வருசக் கணக்கையும் பாத்துருதேன்," என்று ஜெபக்கனி பையிலிருந்து சிலேட்டு போல ஒரு கருப்புப் பலகையை எடுத்து வைத்தாள். காப்பு இருக்கும் கையை வைத்தால் விரல் ரேகையெல்லாம் நீலமாக எரியும். போன வருடம் பலகை கொள்ளாமல் எரிந்தது.

கோமதி வலது கையை வைத்தாள்.

பலகை கருப்பாகவே இருந்தது.

"அழுத்தி வைங்கக்கா."

அழுத்தி வைத்தாள். இடது கையையும் வைத்தாள். ஜெபக்கனி பலகையைத் துடைத்தாள், தட்டினாள், தன் பையிலிருந்த மாதிரிச் சீசாவைக் காட்டிப் பார்த்தாள். சீசாவுக்கு நீலம் பளிச்சென்று எரிந்தது. கோமதியின் கைக்கு ஒன்றுமில்லை.

"சோப்பு போட்டீகளாக்கா?"

"உறையைக்கூடப் பிரிக்கல, பாரு!"

ஜெபக்கனி அவள் கையைத் திருப்பி, தோலைக் கிள்ளிப் பார்த்தாள். மெல்லக் கேட்டாள். "தூரம் நின்னு எத்தனை நாளாச்சுக்கா?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்."

"அதான். தோல்ல எண்ணெய் வத்திருச்சு. இந்த வயசுல சில பேருக்கு இப்பிடிப் போகும்னு இப்பத்தான் எங்களுக்கே தெரிய வருது. இது போயி... பல மாசம் ஆயிருக்கும்."

தென்காசி, வார்டு, திங்கட்கிழமை எதுவும் அந்த நேரம் கோமதிக்கு நினைவில்லை. "பல மாசமாவா?" என்றாள். "அப்ப இத்தனை மாசமா தம்பி வெறும் இட்லியையா தின்னிருக்காரு? நான் பாட்டுக்குக் கையை விட்டுக் கலக்கிக்கிட்டு... ஐயோ, ஜெபக்கனி, நாளைக்கே குழாய் விட்டுப் பாக்கச் சொல்லு. நாளைக்கே!"

"பதறாதீங்க மதினி. போன மாசம்தான் பாத்தாக. ஒரு கடுகு அளவுகூட இல்லன்னு சொன்னாகள்லா?"

"நேத்து இட்லியில கொய்யாப்பழ வாசம் வந்துச்சாக்கா?" என்று கேட்டாள் ஜெபக்கனி. காப்பு வேலை செய்த மாவில் விடிந்ததும் பழுத்த கொய்யா வாசனை வரும். அதுதான் அடையாளம்.

"வந்துச்சு," என்றாள் கோமதி. சொல்லும்போதே அவள் குரல் மாறியது. "தினமும் வருதே."

"நேத்து மாவு மிச்சம் இருக்கா?"

குளிர்ப்பெட்டியில் ஒரு கிண்ணத்தில் இருந்தது. ஜெபக்கனி ஒரு சொட்டு எடுத்துப் பலகையில் வைத்தாள். சொட்டு நீலமாக எரிந்தது. குட்டி விளக்கு மாதிரி.

"காப்பு இருக்கு," என்றாள் அவள், தனக்கே சொல்வது போல. "நல்லா இருக்கு. அப்ப இது வேற யாரோ ஒரு கையில இருந்து..."

கோமதி திரும்பினாள். ஆவுடை கைகள் இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"ஆவுடை. கையை வை."

"எனக்கு வேலை கிடக்கு."

"என்ன வேலை?"

"மாவு கிடக்கு, பாத்திரம் கிடக்கு... எனக்குத்தான் முன்னாலயே பாத்து இல்லன்னு சொல்லியாச்சே. பிறவு எதுக்கு?"

"ஏட்டி, கையை வைன்னேன்."

அந்தக் குரல் பிரசவ வார்டுக் குரல். எந்தப் பெண்ணும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும். ஆவுடை முந்தானையிலிருந்து வலது கையை எடுத்துப் பலகையில் வைத்தாள். அஞ்சு விரலும் உள்ளங்கையும் நீலமாகப் பற்றிக்கொண்டன. அவள் மூக்குக்கண்ணாடியில்கூட நீலம் தெரிந்தது.

"எம்மாடி," என்றார் சுடலைமுத்து.

ஜெபக்கனிக்கு நம்பவே முடியவில்லை. "அன்னைக்கு இந்தக் கையில ரெண்டு நாள்கூட நிக்கலையே! சோப்பு பட்டு ஊறின கை. இப்ப எப்பிடி... அண்ணி, கோமதியக்கா மாவு கலக்குறப்ப நீங்க என்ன செய்வீக?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன்." ஆவுடை பலகையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "வழிச்சு விடுவேன்."

"என்னத்தை?"

"அவுக விரலை. கை பூரா மாவா இருக்கும்லா? குழாயைத் தொட முடியாது, கழுவவும் கூடாது. நான்தான் சுண்டுவிரல்ல இருந்து ஒவ்வொண்ணா வழிச்சுக் குண்டானுக்குள்ள விடுவேன். மாவும் வீணாகாதுல்லா."

"ஏழு வருசமாவா?"

"ஏழு வருசமா. அவுக சோப்பு போடாதப்ப நான் மட்டும் எதுக்குப் போடணும்னு நானும் விட்டுட்டேன்."

ஜெபக்கனி தலையில் அடித்துக்கொண்டாள். "கை மாத்தி விட்டிருக்கீக அண்ணி. நாங்க ஊசி, மருந்து, தடவல்னு என்னெல்லாமோ செஞ்சோம். நீங்க விரலை வழிச்சே கொண்டுவந்துட்டீக. இதை நாங்க ஒரு ஆளும் நெனச்சுப் பாக்கல. எங்க புத்தியைச் செருப்பால அடிக்கணும்." அவள் உற்சாகத்தில் பேசிக்கொண்டே போனாள், பிறகு இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்தினாள். சுடலைமுத்து அவளுக்குக் கண்ணைக் காட்டினார். இருவரும் கூடத்துக்கு நகர்ந்தார்கள்.

கோமதி அசையாமல் நின்றாள்.

"உனக்குத் தெரியும்," என்றாள்.

ஆவுடை பலகையிலிருந்து கையை எடுத்து மறுபடியும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"ஆடியில ரவை கிண்டல நீ."

"இல்ல."

"மாவு ஆட்டின."

"ஆட்டினேன். நானே கலக்கினேன். அவுகளுக்கு இட்லின்னா உசிருல்லா, வெறும் இட்லியாவது தின்னட்டும்னுதான். விடிஞ்சு பாத்தா கொய்யா வாசம். ஒரு நாள் இல்ல, பத்து நாளும்."

"ஐப்பசியில தென்காசித் தலைமை நர்சம்மா போன்ல கூப்பிட்டாக. நீ பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன்."

"வர முடியாது, வீட்டுல ஒரு உசிரு என் கையில இருக்குன்னு நான் சொன்னேன். உன் காதுல விழத்தான் சொன்னேன். அப்ப நீ என்னட்டி செஞ்ச?"

"உங்களுக்குக் காப்பி போட்டுத் தந்தேன்."

கோமதிக்குக் கோபம் வந்தது. அந்தக் காப்பி அவளுக்கு ஞாபகம் இருந்தது. என்றைக்கும் இல்லாத அளவுக்குச் சர்க்கரை. "எனக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான் ஆவுடை. அந்த வார்டு. அதையும் எடுத்து ஒளிச்சு வச்சுட்டியே. பூட்டி வச்சவகளுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவுக கதவைப் பூட்டினாக, நீ வாயைப் பூட்டின."

"ஒரு வித்தியாசமும் இல்ல," என்றாள் ஆவுடை.

சண்டைக்கு நின்றிருந்தால் கோமதிக்குத் தாங்கியிருக்கும். சரிக்குச் சரி பேசிப் பழகியவளுக்கு இந்த ஒப்புதல் புதிதாக இருந்தது. "ஏன்?" என்று கேட்டாள். "ஏட்டி, ஏன்?"

ஆவுடை குண்டானின் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "எப்பிடிச் சொல்ல? காலையில எந்திரிச்சா காப்பித் தூளுக்குச் சண்டை. மத்தியானம் புளி கூடிப்போச்சுன்னு சண்டை. நாள் பூரா நாம ரெண்டு பேரும் மல்லுக்கட்டிக்கிட்டேதான் கிடக்கோம். மாவு கரைக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நீங்க பேசாம கையை நீட்டிக்கிட்டு நிப்பீக. நான் வழிச்சு விடுவேன். நீங்க ஆஸ்பத்திரிக் கதை சொல்லுவீக, தலைப்பிரசவம், இரட்டைப் பிள்ளைன்னு. கட்டைவிரல் வந்ததும் நிறுத்திருவீக, நாளைக்குச் சொல்லுதேன்னு." மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கு நீங்க இருக்கணும்லா."

கோமதி அவளையே பார்த்தாள். கோபம் போகவில்லை. அது அவ்வளவு சீக்கிரம் போகிற கோபமும் இல்லை. ஆனால் அது நிற்க இடம் தேடித் தடுமாறியது.

சோப்பின் உறையைக் கிழித்தாள்.

ஆவுடை இந்தத் தடவை தடுக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு, கல்லுப்பை அள்ளிப் போட்டு, குண்டானுக்குள் கையை விட்டாள். ஏழு வருடத்தில் கோமதியின் முன்னால் அவள் மாவுக்குள் கை விடுவது அதுதான் முதல் தடவை.

குழாய் திறந்தது. தண்ணீர் பட்டதும் கோமதியின் கைகள் தாமாகவே பழைய வேலையைத் தொடங்கின. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, அதற்கு மேல் முழங்கை வரை. நுரை வெள்ளையாகப் பொங்கியது. மருந்து வாசனையும் பூ வாசனையும் கலந்த ஒரு நெடி சமையலறையில் பரவி, உளுந்து வாசனையை அமுக்கியது. பக்கத்தில் மாவு சளக் சளக்கென்று கரைந்தது. அவள் தேய்த்தாள், இவள் கரைத்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அந்தத் தலைமை நர்சு நல்ல பொம்பளையா?" என்றாள் ஆவுடை, மாவைப் பார்த்துக்கொண்டே.

"கண்டிப்பு ஜாஸ்தி. ஆனா நல்லவ."

"தங்க இடம் தருவாகளா?"

"குவார்ட்டர்ஸ் உண்டு."

"சாப்பாடு?"

"நானே பொங்கிக்கிடுவேன்."

"புளியைக் கொஞ்சமா விடுங்க. உங்களுக்குக் கை அளவு தெரியாது."

கோமதி குழாயை அடைத்தாள். கழுவிய கைகளை எதன்மீதும் படாமல், விரல்கள் மேலே பார்க்க, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். பிரசவ அறைக்குள் நுழையும்போது நிற்கிற நிலை அது. ஏழு வருடமாகியும் உடம்பு மறக்கவில்லை.

ஆவுடை கரைத்து முடித்திருந்தாள். மணிக்கட்டு வரை மாவு. வெளியே எடுத்த கையைக் குண்டானுக்கு மேல் நீட்டி, விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுண்டுவிரலிலிருந்து ஒரு சொட்டு நீண்டு, அறுந்து, மாவுக்குள் விழுந்தது. இன்னொரு சொட்டு நீண்டது.

"அக்கா," என்றாள். "நீங்க போயிட்டா, இதை யாரு வழிச்சு விடுவா?"